நெஞ்சை அமுக்குகிறது என்றார், நான் கிரேக்கம் சொன்னேன்

கிரேக்கம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நானும் படித்தேன். இறையியல் கல்லூரியில் அந்தப் பாடத்தில் என் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவன் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு நெடுநாள் பெருமை இருந்தது. அந்தப் பெருமையால் ஒரு பெண்ணின் உயிர் போகவிருந்தது. போதகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சிலர் என்னைக் கேட்டபோது, வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்போது நான் மலாக்கா மாநிலத்தில், அலோர்காஜா பக்கத்தில் ஒரு சின்னத் தமிழ்ச் சபையில் இருந்தேன். நாற்பது குடும்பங்கள் இருக்கும். எல்லாரும் தோட்டத்து ஆட்கள், அல்லது தோட்டத்து ஆட்களின் பிள்ளைகள். தோட்டங்கள் கைமாறிய பிறகு சுற்றுவட்டாரத் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், மலிவு வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். ஆண்கள் லாரி ஓட்டினார்கள், பாதுகாவலர் வேலை பார்த்தார்கள். பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள்.

அவர்களில் ஒருவர், எஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு வயது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கணவர் டேவிட், தோட்டத்திலிருந்து ஆயில் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியை இருபது வருடம் ஓட்டியவர். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இரண்டு மூன்று சொல்லோடு நின்றுபோனது. ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை. ஆக, டேவிட்டைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் எஸ்தர்தான். விடிகாலையில் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வேலைக்குப் போவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஓடிவந்து கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்பிப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு வாரம் தவறியதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "ஸ்தோத்திரம், தாஹான் பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்பார். தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அந்த மலாய்ச் சொல்லை நம் ஆட்கள் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது போலவே இருக்கும். நான் அதைக் கவனித்ததில்லை.

அந்த வருடம் உபத்திரவத்தைப் பற்றித் தொடர்ந்து சில வாரம் பிரசங்கம் செய்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: புதிய ஏற்பாட்டில் உபத்திரவம் என்று தமிழில் வரும் பல இடங்களில், கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் திலிப்சிஸ். அமுக்குவது, நெருக்குவது, நசுக்குவது என்பதிலிருந்து பிறந்த சொல். இதைக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சொல்மேல் ஒரு காதல். எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு ஓர் உவமையும் கிடைத்தது. மில்லில் செம்பனைப் பழத்தை அமுக்கினால்தானே எண்ணெய் வரும், அமுக்காவிட்டால் அது குலையிலேயே அழுகிப்போகும் என்றேன். சபை தலையாட்டியது. பாதிப் பேர் அந்த மில்லின் வாசனையில் வளர்ந்தவர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த எஸ்தரைக் கைகாட்டி, திலிப்சிஸ் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை, இந்த சிஸ்டரைப் பாருங்கள், இவ்வளவு அமுக்கத்திலும் ஒரு முணுமுணுப்புக்கூட இவர் வாயிலிருந்து வந்ததில்லை என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டார். அது அடக்கம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். நான் வாசலில் நின்று கைகுலுக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். எஸ்தர் கடைசியாக வந்தார். முகம் வேர்த்திருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் வேர்வை. "பாஸ்டர், காலையிலேருந்து நெஞ்சை அமுக்குற மாதிரி இருக்கு" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் எங்கே நின்றேன் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் சொன்ன சொல் என் காதில் விழுந்தவுடன் எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. ஆம், மகிழ்ச்சிதான். நான் பிரசங்கித்த சொல்லையே இந்த அம்மா தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துப் பேசுகிறாரே என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை. அதுதான் சிஸ்டர் திலிப்சிஸ், அமுக்கம் கூடுகிறது என்றால் ஆறுதல் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம் என்றேன். ஜெபம் செய்தேன். நல்ல ஜெபம்தான். அவர் ஆமென் சொல்லிவிட்டு சபை வேனில் ஏறிப் போனார்.

இனி நான் சொல்வது கமலாவும் எஸ்தரும் பின்னால் சொல்லித் தெரிந்தது.

கமலா எஸ்தருக்குப் பக்கத்து வீடு. எங்கள் சபை இல்லை. தாமானுக்குப் பின்னால் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. அன்று விடுமுறை. வாசலில் அடுப்பு வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தார். வேனிலிருந்து இறங்கிய எஸ்தர் தன் வீட்டுக் கேட்டைத் திறக்காமல், அதன்மேல் சாய்ந்து நின்றதைப் பார்த்தார். என்னக்கா என்று கேட்டார். என்னிடம் சொன்ன அதையேதான் அவரிடமும் சொன்னார் எஸ்தர்.

கமலா அடுப்பை அணைத்தார். கிட்டே போய் எஸ்தரின் முகத்தைப் பார்த்தார். கை வலிக்குதா என்று கேட்டார். இடது கை காலையிலிருந்து கனமாக இருக்கிறது என்றார் எஸ்தர். அவ்வளவு போதுமாயிருந்தது. உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து காரைக் கிளப்பினார்; எங்கள் ஊர்ப் பேச்சில் காருக்குக் காடி என்று பெயர். எஸ்தர் ஏற மறுத்தார். டேவிட்டுக்கு இன்னும் கஞ்சி கொடுக்கவில்லை, பாஸ்டர் ஜெபம் பண்ணியிருக்கிறார், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று அடுக்கினார்.

"ஜெபம் நல்லதுதான்க்கா. காடில உக்காந்துக்கிட்டே அது வேலை செய்யட்டும். ஏறுங்க."

எஸ்தர் ஏறினார். கமலா எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணியைக் கூப்பிட்டு, டேவிட் தனியாக இருக்கிறார், கஞ்சி அவர்கள் அடுப்பங்கரையில் இருக்கிறது, தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு சிறு கரண்டியால் கொடுங்கள், அவசரப்படுத்தினால் புரையேறும் என்று மலாயில் சொன்னார். தொழிற்சாலைக்குத் தகவல் சொல்ல எஸ்தரின் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். இவ்வளவும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள். நான் பல வருடங்கள் நெருக்கடி நேரத்து ஆலோசனை பற்றிப் பயிற்சி வகுப்பு எடுத்தவன். இதில் பாதியாவது எனக்குத் தோன்றியிருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அலோர்காஜா மருத்துவமனையில் பார்த்தவுடனேயே ஆம்புலன்ஸில் ஏற்றி மலாக்காவுக்கு அனுப்பினார்கள். இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் கமலாவிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு மூன்று மணிக்குத்தான் போன் வந்தது. மலாக்கா மருத்துவமனைக்கு ஓடினேன். வெளியே நீல நாற்காலிகளில் கமலா தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டில் போட்டிருந்த உடை, கையில் மீன் மசாலா மஞ்சள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே குழாய் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தைரியம் சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்க கோயில்ல உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா, பாஸ்டர்?"

சொன்னார் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டார். நெஞ்சை அமுக்குகிறது என்று சொன்னார் என்றேன். கமலா கையிலிருந்த மஞ்சளை உடையில் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க" என்றார்.

அவ்வளவுதான். குரலில் குற்றம் சாட்டுதல் இல்லை. எழுந்து போய் எனக்கும் சேர்த்து இரண்டு தேத்தண்ணி வாங்கிவந்தார். அதைக் குடிப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை என் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தச் சொல்லையும் அதன் வினைச்சொல்லையும் வரும் இடமெல்லாம் தேடிப் படித்தேன். ஏற்கெனவே பலமுறை படித்தவைதான். ஜீவனுக்குப் போகும் வழி நெருக்கமானது என்கிற இடத்தில் அந்த வினைதான் இருக்கிறது. பிள்ளை பெறும் பெண்ணின் வேதனையைச் சொல்லும் இடத்திலும் திலிப்சிஸ்தான். மாற்கு எழுதினதில் இன்னோர் இடம் இருக்கிறது. கூட்டம் தம்மை நெருக்கிவிடக்கூடும் என்று இயேசு சீஷர்களிடம் ஒரு படகைத் தயாராக வைக்கச் சொல்கிறார். அங்கேயும் அதே வினை. உடம்பை உடம்பு நெருக்குவது. வேறு எந்த ஆழ்ந்த பொருளும் அதில் இல்லை. நெருக்கப்பட்டால் ஒதுங்குவதற்கு அவர் ஒரு படகு கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தப் படகைப் பற்றி நான் ஒரு வரிகூடப் பிரசங்கித்ததில்லை. நெருக்குதலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சொல் ஒருவருக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறது. அந்த நேரத்திலும் நம்பிக்கையை விடாதவர்களை வேதம் மெச்சுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமுக்குகிற பாரத்தை அது மெச்சவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் சும்மா நிற்கலாம் என்றும் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைக் கமலா அகராதி இல்லாமல் தெரிந்துவைத்திருந்தார்.

நான்காம் நாள் எஸ்தரைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குள் சபைச் செயலாளர் எனக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார். வரும் வாரம் நன்றி ஆராதனை வைக்கலாம், ஜெபம் உயிரைக் காப்பாற்றியது என்று நீங்கள் சாட்சி சொன்னால் சபைக்கு எழுப்புதலாக இருக்கும் என்றார். நல்ல மனிதர், அவருக்கு நடந்தது தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், என் தவறும் அந்தச் சந்தோஷத்துக்குள் காணாமல் போகும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு நாள் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், முதலில் சொல்ல வேண்டியது சபையிடம் இல்லை என்று பட்டது.

எஸ்தரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, என் பிரசங்கத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், உங்களை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டியவன் வீட்டுக்கு அனுப்பினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நம் ஆட்கள் போதகரிடம் அப்படித்தான் சொல்வார்கள். எஸ்தர் சொல்லவில்லை. போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அது பெருசில்ல பாஸ்டர். அதுக்கு முந்தி எல்லார் முன்னாலயும் என்னைக் காட்டினீங்களே, அதான். முணுமுணுக்காத ஆளுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் யார்கிட்டப் போய் முடியலைன்னு சொல்றது?"

அந்த இரண்டு வாரத்தில் இரண்டு தடவை அப்படி வலி வந்திருக்கிறது. ஒரு தடவை டேவிட்டைக் குளியலறையிலிருந்து தூக்கும்போது. ஒரு தடவை தொழிற்சாலையில். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாஸ்டர் சொன்னது பொய்யாகிவிடுமே என்று நினைத்தாராம். என் வாயிலிருந்து வந்த பாராட்டை ஒரு பாரமாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

நான் சபையில் இதைச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டேன்.

"சொல்லுங்க. ஆனா என் பேரைச் சொல்லாதீங்க. உங்க பேரைச் சொல்லுங்க."

இதைவிடச் சரியான அறிவுரையை எனக்கு எந்தப் பேராயரும் கொடுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தேன். ஒரு சொல்லை நான் தவறாகப் பிரசங்கித்தேன், அதனால் வாசலில் நின்று உதவி கேட்டவரின் குரல் எனக்குக் கேட்கவில்லை, உதவியவர் நம் சபையைச் சேராத ஒரு பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். யாரையும் கைகாட்டவில்லை. படகைப் பற்றிப் பேசினேன். பாதியில் குறிப்புகளை மூடிவைத்துவிட்டேன். செயலாளர் முகம் கறுத்துப்போனது. போதகர் தன்னையே இப்படி இறக்கிக்கொண்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்று பிற்பாடு கேட்டார். மேலிடத்துக்கு ஒருவர் கடிதமும் எழுதினார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். விட்டுவிட்டார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு வாசலில் கைகுலுக்கும் நேரம் மாறிப்போனது. சர்க்கரை நோயால் காலில் புண் வைத்துக்கொண்டு ஆறு மாதமாக மறைத்துவந்த ஒரு பெரியவர் என்னிடம் காலணியைக் கழற்றிக் காட்டினார். பிள்ளை பெற்றதிலிருந்து தூக்கமே இல்லை, குழந்தையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று ஒரு இளம் தாய் சொன்னாள். கணவர் அடிக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார்; அவரைப் பத்திரமாக அவருடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் நான் ஜெபம் செய்தேன். எங்கே வலி, எப்போதிலிருந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கப் பழகிக்கொண்டேன். இந்தக் கேள்விகளுக்குக் கிரேக்கம் வேண்டாம். அதற்காகக் கிரேக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதைச் சரியாகப் படித்திருந்தால் எனக்கு இந்தத் தவறு நடந்திருக்காது.

எஸ்தர் வீடு திரும்பியபோது, டேவிட்டைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு வழி கண்டதும் கமலாதான். எங்கள் சபைப் பெண்கள் நாலு பேர், கோயில் பெண்கள் மூன்று பேர், எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணி. யார் எந்த நாள் எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். தூக்குவதற்கு ஆண்கள் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். என் பெயரையும் செயலாளர் பெயரையும் செவ்வாய்க்கிழமையில் போட்டார். செயலாளர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டே வந்தார். பிறகு டேவிட்டுக்குச் சவரம் செய்துவிடுவது அவர் வேலையாகிவிட்டது. அந்த வேலையை இன்னொருவரிடம் விட மாட்டார்.

அந்தத் தாளில் சனிக்கிழமை மத்தியானத்துக்கு எஸ்தர் பெயர் இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தார் கமலா. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மலாக்காவில் ஒரு வீட்டைச் சந்தித்துவிட்டுக் கிளேபாங் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையோரக் கடையில் அந்த இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஐஸ் போட்டு அடித்த தேங்காய் பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனேன். கமலா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்காமலேயே எனக்கும் ஒரு குவளை கொண்டுவரச் சொன்னார்.

எப்படி இருக்கிறீர்கள் சிஸ்டர் என்று கேட்டேன். பழக்கதோஷம்.

எஸ்தர் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். டேவிட் உடற்பயிற்சி செய்யச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல நடிக்கிறாராம். வெள்ளிக்கிழமை வரும் சபைப் பெண் கஞ்சியில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாராம், சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று சொல்ல முடியவில்லையாம். மகன் போனில் அம்மா அம்மா என்று உருகுகிறானே தவிர, ஊர்ப்பக்கம் வந்து மூன்று மாதமாகிறதாம். வேலை இடத்து மேற்பார்வையாளர் சிரித்தால்கூட எரிச்சலாக வருகிறதாம். சில நாள் காலையில் எழும்போதே அழுகை வருகிறதாம், ஏன் என்று தெரியவில்லையாம். மாத்திரை வாயைக் கசக்கச் செய்கிறதாம். நடுநடுவே கமலா இரண்டொரு விவரத்தைத் திருத்தினார். அரைமணி நேரம் ஓடியிருக்கும். நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. அந்த அழுகையைப் பற்றி மட்டும், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள், வேண்டுமானால் நானும் வருகிறேன் என்றேன். சரி என்றார்.

எல்லாம் சொல்லி முடித்தும் அவர் ஸ்தோத்திரம் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்து வருத்தப்படவுமில்லை. குவளையில் மிச்சமிருந்ததை உறிஞ்சினார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊழியத்தில் இருந்துவிட்டேன்; பொன்னாடைகள் போர்த்தியிருக்கிறார்கள், பாராட்டு மடல்கள் வாசித்திருக்கிறார்கள். எஸ்தர் என்னிடம் அப்படி வாய்விட்டு அலுத்துக்கொண்டதற்கு இணையாக ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.